நாலில் ஒன்று

போன மாதம் ரத்த தானம் பற்றி எழுதியிருந்தேன். அதற்கு வந்த கடிதங்களில் பாதி, ரத்தத்தை விட்டுவிட்டு ஸ்டெம் செல்லுக்குப் போய்விட்டன. "நம்ம ஆளுங்களுக்கு மேட்ச் கிடைக்கிறதே கஷ்டமாமே, நிஜமா?" என்று ஒருவர். "எனக்கு ரெண்டாவது குழந்தை பிறக்கப்போகுது. தொப்புள்கொடி ரத்தத்தைச் சேமிச்சு வைக்கச் சொல்லி சென்னையிலிருந்து மாமியார் தினமும் வாட்ஸப் அனுப்புறாங்க. செய்யணுமா?" என்று இன்னொருவர். மூன்றாவது கடிதம் கொஞ்சம் கறாரானது: "வேலூர்ல இதுக்கெல்லாம் பெரிய ஆராய்ச்சி நடக்குதுன்னு அப்பா பெருமையா சொல்றார். அந்த ஆராய்ச்சி ஆக்லாந்துல இருக்கிற நமக்கு என்னத்துக்கு ஆகும்?"

மூன்றையும் சேர்த்தே பார்த்துவிடலாம். முதலிலேயே ஒன்று: நான் டாக்டர் இல்லை. ஆனால் ஆய்வுக் கட்டுரைகளைத் தேடிப் படிக்கிற கெட்ட பழக்கம் உண்டு. இங்கே எப்சத்தில் கிரேட் சவுத் ரோட்டில்தான் நியூசிலாந்து ரத்த சேவையின் கட்டடம் இருக்கிறது. ரத்தம் கொடுக்க நம்மவர்கள் தாராளமாக வருகிறார்கள். ஸ்டெம் செல் பதிவு என்றதும் மட்டும், "அது முதுகுத்தண்டுல ஊசி போடுறதுதானே?" என்று பின்வாங்கிவிடுகிறார்கள். அந்த ஊசிக்குப் பிறகு வருகிறேன்.

எலும்பு மஜ்ஜைதான் நம் ரத்தத்தின் தொழிற்சாலை. சிவப்பணு, வெள்ளையணு, தட்டணு எல்லாம் அங்கே இருக்கும் ஸ்டெம் செல்களிலிருந்தே பிறக்கின்றன. அந்தத் தொழிற்சாலையே பழுதானால் (ரத்தப் புற்றுநோய், தலசீமியா, பிறவியிலேயே நோய் எதிர்ப்புச் சக்தி இல்லாமை) பழையதை மருந்தால் வெறுமையாக்கிவிட்டு, இன்னொருவரின் ஸ்டெம் செல்களை ரத்தம் ஏற்றுகிற மாதிரியே ஏற்றுகிறார்கள். ஆபரேஷன் தியேட்டர் கிடையாது, கத்தி கிடையாது. ஒரு பை, ஒரு டியூப், அவ்வளவுதான்.

கஷ்டம் அதற்குப் பிறகுதான் ஆரம்பிக்கிறது. சிறுநீரகத்தை மாற்றினால், நோயாளியின் உடம்பு புது உறுப்பை விரட்டப் பார்க்கும். மஜ்ஜையை மாற்றினால் தலைகீழ் ஆபத்தும் சேர்ந்துகொள்கிறது. வந்து குடியேறுவது எதிர்ப்புச் சக்தி அல்லவா? அது நோயாளியின் உடம்பையே அந்நியன் என்று நினைத்துத் தோல், குடல், கல்லீரல் என்று தாக்க ஆரம்பிக்கும். வாடகைக்கு வந்தவர் வீட்டுக்காரரை வெளியே தள்ளுகிற கதை. 1957-இல் அமெரிக்காவில் டொனால் தாமஸ் இந்த முறையைப் பற்றி முதல் கட்டுரை எழுதியபோது, அதில் இருந்த 6 நோயாளிகளில் ஒருவர்கூட 100 நாளைத் தாண்டவில்லை. அவர் விடவில்லை. 1990-இல் நோபல் பரிசு வாங்கினார். நடுவில் கண்டுபிடிக்க வேண்டியிருந்தது ஒன்றுதான்: யாருடைய செல் யாருக்கு ஒத்துப்போகும்?

அந்த ஒப்புமைக்குப் பெயர் எச்.எல்.ஏ. ஒவ்வொரு செல்லின் மேலும் ஒட்டியிருக்கும் அடையாள அட்டை என்று வைத்துக்கொள்ளுங்கள். ரத்த குரூப் மாதிரி நாலு வகை இல்லை, ஆயிரக்கணக்கான வகைகள். இந்த மரபணுக்கள் ஆறாவது குரோமோசோமில் பக்கம் பக்கமாக இருப்பதால், பெரும்பாலும் ஒரு கட்டாகவே கைமாறும். அப்பாவிடமிருந்து ஒரு கட்டு, அம்மாவிடமிருந்து ஒரு கட்டு. அப்பாவிடம் இரண்டு கட்டு, அம்மாவிடம் இரண்டு கட்டு இருப்பதால், பிள்ளைகளுக்கு வரக்கூடிய சேர்க்கை நாலு. ஆகவே உடன்பிறந்த ஒருவர் முழுசாக ஒத்துப்போக வாய்ப்பு நாலில் ஒன்று, 25 சதவீதம். பெற்றவர்கள் பிள்ளைக்குப் பாதிதான் ஒத்துப்போவார்கள்.

இப்போது நம் வீட்டுக் கணக்கைப் போடுங்கள். என் பாட்டியோடு கூடப் பிறந்தவர்கள் ஏழு பேர். ஏழு பேரில் ஒருவராவது ஒத்துப்போகிற வாய்ப்பு 87 சதவீதம். மூன்று பேர் கூடப் பிறந்திருந்தால் 58. இரண்டு பேர் என்றால் 44. எப்சத்திலும் மவுண்ட் ஈடனிலும் நான் பார்க்கிற தமிழ் வீடுகளில் பெரும்பாலும் இரண்டு பிள்ளைகள். ஒரு பிள்ளைக்கு நோய் வந்தால் மீதி இருப்பது ஒரே பிள்ளை. 25 சதவீதம். ஒரே குழந்தையோடு நிறுத்திக்கொண்ட வீட்டில் பூஜ்யம். ஸ்கூல் ஸோன், வீட்டு விலை, இரண்டு பேரும் வேலைக்குப் போகிற நிலைமை எல்லாம் பார்த்து நாம் எடுத்த முடிவு அது, சரியான முடிவும்தான். ஆனால் பாட்டி காலத்தில் குடும்பத்துக்குள்ளேயே கிடைத்திருக்கக்கூடிய டோனர் இப்போது வெளியே எங்கேயோ இருக்கிறார். அவரைத் தேடியாக வேண்டும்.

இன்னொரு பழைய வழக்கமும் இந்தக் கணக்கில் வருகிறது. அத்தை மகன், மாமன் மகள், அக்கா மகளைத் தாய்மாமன் கட்டிக்கொள்வது. சொந்தத்தில் கல்யாணம் செய்தால், இருவரிடமும் ஒளிந்திருக்கும் ஒரே குறையுள்ள மரபணு பிள்ளையிடம் ஜோடி சேர வாய்ப்பு கூடுகிறது. பிறவி எதிர்ப்புச் சக்திக் குறைபாடுகளில் பல இப்படித்தான் வருகின்றன. அதே காரணத்தால் எச்.எல்.ஏ. கட்டுகளும் குடும்பத்துக்குள்ளேயே சுற்றி வருவதால், சித்தப்பா பையனோ பெரியம்மா பெண்ணோகூட ஒத்துப்போகிற வாய்ப்பும் அந்தக் குடும்பங்களில் கூடுதல். நோயைக் கொடுத்த சொந்தமே டோனரையும் கொடுக்கிறது.

வேலூருக்கு வருவோம். இந்தியாவில் முதல் மஜ்ஜை மாற்று 1983-இல் மும்பை டாடா நினைவு மருத்துவமனையில் நடந்தது. வேலூர் சி.எம்.சி.யில் 1986-இல் டாக்டர் மாமன் சாண்டி தொடங்கினார். அவர் ஆஸ்திரேலியாவில் பயிற்சி பெற்றுத் திரும்பியவர், நமக்குப் பக்கத்து ஊர் பழக்கம். பின்னால் கொல்கத்தாவில் டாடா மருத்துவ மையத்தை நடத்தினார், 2019-இல் பத்மஸ்ரீ. அவரோடும் அவருக்குப் பின்னும் அலோக் ஸ்ரீவத்சவா, விக்ரம் மேத்யூஸ், பூங்குழலி பாலசுப்பிரமணியன் என்று ஒரு பெரிய அணி. பப்மெட் தளத்தில் இந்தப் பெயர்களைப் போட்டால் பக்கம் பக்கமாகக் கட்டுரைகள் வரும். தலைப்புகளைப் பார்த்தாலே கண்ணைக் கட்டும். ஆனால் நாலைந்தை வரிசையாகப் படித்தால் அதில் ஒரு கதை ஓடுவது தெரியும். அப்பா பெருமைப்படுவது எதற்கு என்றும் புரியும்.

தலசீமியா உள்ள குழந்தைக்கு மாதம் ஒருமுறை, இரண்டு முறை ரத்தம் ஏற்ற வேண்டும். ஏற்றுகிற ரத்தத்தோடு இரும்புச் சத்து சேர்ந்து கல்லீரலிலும் இதயத்திலும் தேங்கும். அதை வெளியேற்ற விலை கூடின மருந்து வேண்டும். இத்தாலியில் பெசாரோ என்கிற ஊரில் லூக்கரெல்லி என்ற டாக்டர், இந்தக் குழந்தைகளை மூன்று வகுப்பாகப் பிரித்தார். கல்லீரல் வீங்கியிருக்கிறதா, அதில் தழும்பு விழுந்திருக்கிறதா, இரும்பை வெளியேற்றும் மருந்து ஒழுங்காகக் கொடுத்திருக்கிறார்களா என்று மூன்று கேள்வி. மூன்றுக்கும் பதில் மோசமாக இருந்தால் மூன்றாம் வகுப்பு. உலகம் முழுக்க இதைத்தான் பின்பற்றினார்கள்.

வேலூருக்கு வந்த குழந்தைகளில் பலரும் மூன்றாம் வகுப்பு. ஏன் என்று யாரும் சொல்லத் தேவையில்லை. மருந்து வாங்கக் காசு இல்லை, தாமதமாக வருகிறார்கள், வயிறு வீங்கி வருகிறார்கள். இத்தாலியின் மூன்றாம் வகுப்புக் குழந்தையும் வேலூரின் மூன்றாம் வகுப்புக் குழந்தையும் ஒன்றா? 2007-இல் விக்ரம் மேத்யூஸ் அணி எழுதிய கட்டுரை இதைத்தான் கேட்டது. 7 வயதைத் தாண்டி, கல்லீரல் விலா எலும்புக்குக் கீழே 5 சென்டிமீட்டர் அளவுக்கு இறங்கியிருந்தால், அந்தக் குழந்தை மூன்றாம் வகுப்பிலேயே தனி ஆபத்தில் இருக்கிறது என்று காட்டினார்கள். ஒரு ஸ்கேல், ஒரு டாக்டரின் கை, குழந்தையின் வயசு. அதற்கு மேல் எந்த மெஷினும் தேவைப்படாத அளவுகோல். எனக்கு இந்தக் கட்டுரை ரொம்பப் பிடிக்கும். பணக்கார நாட்டு அட்டவணையை அப்படியே ஒப்புக்கொள்ளாமல், நம்ம வாசலில் வந்து நிற்கிற குழந்தையைப் பார்த்து எழுதினது அது.

அதற்கு முன்னாலேயே 2004-இல், அலோக் ஸ்ரீவத்சவா அணி இன்னொரு புதிரை எடுத்திருந்தது. பழைய மஜ்ஜையை வெறுமையாக்கக் கொடுக்கிற புசல்பான் என்கிற மருந்து சில குழந்தைகளுக்கு மட்டும் கல்லீரலின் சின்னச் சின்ன ரத்தக் குழாய்களை அடைத்துவிடுகிறது. சிலருக்கு ஒன்றும் ஆவதில்லை. மருந்து, நச்சு இவற்றை உடம்பிலிருந்து அகற்ற உதவும் ஒரு மரபணு சிலரிடம் பிறவியிலேயே இல்லை, அவர்களுக்கு ஆபத்து கூடுதல் என்று கண்டார்கள்.

இரண்டையும் சேர்த்துப் படித்தால் அடுத்த கேள்வி தானாக வருகிறது: கல்லீரலை இவ்வளவு வருத்தாத வேறு மருந்து கொடுத்தால் என்ன? 2013-இல் அதற்கு விடை வந்தது. ட்ரியோசல்பான் என்ற மருந்துக்கு மாறினார்கள், மஜ்ஜைக்குப் பதில் ரத்தத்திலிருந்து பிரித்த ஸ்டெம் செல்லைக் கொடுத்தார்கள். அந்தத் தனி ஆபத்துப் பிரிவுக் குழந்தைகளில், பழைய முறையில் உயிர் பிழைத்தவர்கள் சுமார் 39 சதவீதம். புது முறையில் சுமார் 87 சதவீதம்.

இங்கே ஒரு எச்சரிக்கை. புது முறையில் அந்தப் பிரிவில் இருந்தவர்கள் 24 குழந்தைகள்தான். ஒப்பிட்டதும் முந்தைய ஆண்டுகளில் சிகிச்சை பெற்றவர்களோடு. காலம் போகப் போக நர்ஸிங், ஆன்ட்டிபயாட்டிக் எல்லாமே முன்னேறும், அதன் பங்கும் அந்த எண்ணுக்குள் இருக்கும். ஆய்வுக் கட்டுரை படிக்கும்போது எத்தனை பேர், யாரோடு ஒப்பிட்டார்கள் என்ற இரண்டு கேள்வியை மட்டும் கேட்டால் போதும், வாட்ஸப் செய்திகளில் முக்கால்வாசி தானாக உதிர்ந்துவிடும். ஆனாலும் 39-க்கும் 87-க்கும் நடுவில் இருக்கிற தூரத்தை நர்ஸிங் மட்டும் கடந்திருக்காது.

கறாராகக் கேட்ட நண்பருக்கு: ஆக்லாந்தில் வளர்கிற நம் பிள்ளை காலாகாலத்தில் மருந்து எடுத்துக்கொள்ளும், கல்லீரல் அந்த அளவுக்கு வீங்க விடமாட்டார்கள். அந்த வகையில் வேலூரின் அளவுகோல் இங்கே குறைவாகவே தேவைப்படும். ஆனால் நம் உடம்பில் ஓடுகிற மரபணுக்களை வைத்து, நம் ஊர்க் குழந்தைகளின் மேல் மருந்து எப்படி வேலை செய்கிறது என்று பார்த்து எழுதினவர்கள் குறைவு. அந்த வேலை அங்கே நடந்திருக்கிறது. இன்னொன்றும் கவனித்தீர்களா? இந்தக் கட்டுரைகளில் பெரும்பாலான குழந்தைகளுக்கு டோனர் கூடப்பிறந்த அண்ணன், அக்கா, தம்பி, தங்கை. அங்கே அந்தக் காலக் குடும்பத்தில் அது கிடைத்தது. மருந்தைக் கண்டுபிடிக்கலாம், அளவுகோலைத் திருத்தலாம். டோனரை எந்த ஆய்வகமும் தயாரிக்க முடியாது.

குடும்பத்தில் இல்லையென்றால் வெளியே தேடலாம் என்று முதன்முதலில் ஒரு பதிவேட்டைத் திறக்க வைத்தது ஒரு அம்மா. ஷர்லி நோலன். அவர் மகன் ஆன்தனி 1971-இல் ஆஸ்திரேலியாவில், அடிலெய்டில் பிறந்தான். விஸ்காட்-ஆல்ட்ரிச் என்ற பிறவி எதிர்ப்புச் சக்திக் குறைபாடு. குடும்பத்தில் யாரும் ஒத்துவரவில்லை. மகனைத் தூக்கிக்கொண்டு லண்டன் போய், 1974-இல் உலகின் முதல் டோனர் பதிவேட்டைத் தொடங்க வைத்தார். 1979-இல், 8 வயது நிறையாமலே ஆன்தனி போய்விட்டான். அவனுக்குக் கடைசிவரை டோனர் கிடைக்கவில்லை. அவன் பெயரில் இருக்கிற பதிவேடு மற்ற பிள்ளைகளுக்கு இன்றும் தேடிக்கொண்டிருக்கிறது.

இப்போது உலகம் முழுக்க 4 கோடிக்கும் மேற்பட்டவர்கள் பதிந்திருக்கிறார்கள். பெரிய எண் மாதிரி தெரியும். இதில் நம்மவர்கள் எத்தனை பேர் என்பதுதான் விஷயம். 2014-இல் அமெரிக்கப் பதிவேட்டை வைத்து ஒரு பெரிய கணக்குப் போட்டார்கள். ஐரோப்பிய வம்சாவளி வெள்ளைக்காரருக்கு முழுசாக ஒத்துப்போகிற, கூப்பிட்டால் வரக்கூடிய டோனர் கிடைக்க வாய்ப்பு 75 சதவீதம். தெற்காசியருக்கு சுமார் 33. ஆப்பிரிக்க அமெரிக்கர்களுக்கு 20-க்கும் கீழே. அதாவது முதல் கடிதத்துக்குப் பதில்: ஆமாம், நிஜம்தான்.

ஜெர்மனியின் மக்கள்தொகை சுமார் 8.4 கோடி, பதிந்தவர்கள் சுமார் 1 கோடி. இந்தியாவில் 140 கோடிக்கு மேல் மக்கள். அங்கே பெரிய பதிவேடுகளில் ஒன்று சென்னையில் 2009-இல் தொடங்கிய தாத்ரி, அதில் 5 லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள். சென்னையிலேயே டாக்டர் பி. சீனிவாசன் நடத்தும் ஜீவன் அமைப்பும் வெகுநாளாக இந்த வேலையைச் செய்துவருகிறது. இவர்கள் செய்தது சின்ன வேலை இல்லை, ஆனால் கடலில் கரைத்த பெருங்காயம். அதிலும் 'இந்தியர்' என்று ஒரே கூடையில் போட முடியாது. தலைமுறை தலைமுறையாகத் தங்கள் வகுப்புக்குள்ளேயே பெண் கொடுத்துப் பெண் எடுத்த சமூகம் நம்முடையது. சாதியை விட்டுவிட்டோம் என்று நாம் சொல்லிக்கொள்ளலாம், எச்.எல்.ஏ.வுக்கு அது தெரியாது. திருநெல்வேலிக்காரருக்குத் தேவையான கட்டு பஞ்சாபியிடம் கிடைக்கிற வாய்ப்பு கம்மி. யாழ்ப்பாணத்துக் குடும்பத்துக்கும் இதே கதைதான்.

நியூசிலாந்து சின்ன நாடு. இங்கே உறவில்லாத டோனர் தேவைப்படுகிற நோயாளிகளுக்குப் பெரும்பாலும் வெளிநாட்டிலிருந்துதான் செல்கள் வருகின்றன. குளிர்பெட்டியில் வைத்து, ஒரு ஆள் மடியில் வைத்த மாதிரி பத்திரமாகத் தூக்கிக்கொண்டு விமானம் ஏறி வருவார். உள்ளூர்ப் பதிவேடு மவோரி, பசிபிக் தீவு மக்களைச் சேர்ப்பதில் தனிக் கவனம் வைத்திருக்கிறது. காரணம் நம்முடையதேதான்: அவர்களுக்கு வெளிநாட்டுப் பதிவேடுகளில் ஆள் கிடையாது.

இந்த இதழைப் படிக்கிற பலரும் இங்கேயோ சிட்னியிலோ லண்டனிலோ வளர்ந்தவர்கள். உங்களில் சிலர் கட்டிக்கொண்டது தமிழரை இல்லை. அப்படி வீடுகளில் பிள்ளைக்கு ஒரு கட்டு காரைக்குடியிலிருந்தும் இன்னொரு கட்டு ஸ்காட்லாந்திலிருந்தும் வந்திருக்கும். அந்த ஜோடியை வெளியாள் ஒருவரிடம் அப்படியே கண்டுபிடிப்பது இன்னும் கஷ்டம். பயமுறுத்தச் சொல்லவில்லை, இந்தக் கணக்கை யாரும் கல்யாண மண்டபத்தில் வைத்துச் சொல்வதில்லை, அதனால் இங்கே சொல்கிறேன்.

இனி நல்ல செய்தி. முழு மேட்ச் இல்லாவிட்டால் கதவு மூடிவிடும் என்ற நிலைமை இப்போது இல்லை. அமெரிக்காவில் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் டாக்டர்கள் 2008-இல் எழுதிய ஒரு கட்டுரைக்குப் பிறகு, பாதி ஒத்துப்போகிற டோனரையும் பயன்படுத்தும் முறை உலகம் முழுக்கப் பரவியது. தந்திரம் இதுதான்: ஸ்டெம் செல் ஏற்றின மூன்றாம், நான்காம் நாளில் சைக்ளோபாஸ்பமைட் என்ற பழைய, விலை குறைந்த மருந்தைக் கொடுக்கிறார்கள். அந்த நேரத்தில் 'இது அந்நியன்' என்று கண்டுகொண்டு வேகமாகப் பெருகுகிற அணுக்கள்தான் அந்த மருந்தில் மாட்டிச் சாகும். அமைதியாக இருக்கிற ஸ்டெம் செல்கள் தப்பிவிடும். சண்டைக்கு முதலில் எழுந்தவனை மட்டும் வெளியேற்றுகிற மாதிரி. அப்பாவோ அம்மாவோ டோனராகலாம். சென்னை அப்போலோவில் டாக்டர் ரேவதி ராஜ் அணி, எதிர்ப்புச் சக்தி இல்லாமல் பிறந்த குழந்தைகளுக்கு இந்த முறையில் செய்த சிகிச்சைகளைப் பற்றி எழுதியிருக்கிறது. டோனரே தேவையில்லாத பாதையும் திறக்கிறது. ஹீமோபிலியா உள்ள 5 பேருக்கு, அவர்களுடைய சொந்த ஸ்டெம் செல்லையே எடுத்து, சரியான மரபணுவைச் சேர்த்துத் திருப்பிக் கொடுத்ததை அலோக் ஸ்ரீவத்சவா அணி 2024 டிசம்பரில் வெளியிட்டது. இன்னும் ஆரம்பக் கட்டம்தான், ஆனால் நடந்தது வேலூரில்.

அப்போ பதிவு எதற்கு என்று கேட்பீர்கள். பாதி மேட்ச் எல்லா நோய்க்கும் எல்லா நோயாளிக்கும் சரிவராது. சில சமயம் நோயாளியின் ரத்தத்தில் பெற்றவர்களின் செல்லுக்கு எதிரான ஆன்ட்டிபாடி இருக்கும். அப்பா அம்மாவுக்கு வயசாகியிருக்கும், சர்க்கரை இருக்கும். டோனர் இளையவராக இருந்தால் நோயாளிக்குப் பலன் கூடுதல் என்பது ஆய்வுகளில் திரும்பத் திரும்ப வந்திருக்கிறது. டாக்டரின் கையில் ஒரு வழிக்கு இரண்டு வழி இருக்க வேண்டும்.

எதிர்ப்புச் சக்தி இல்லாமல் பிறக்கும் குழந்தைகள் என்றேன் அல்லவா, அதில் கைக்குழந்தை வைத்திருப்பவர்களுக்கு ஒரு தகவல். குழந்தை பிறந்ததும் குதிகாலில் குத்தி நாலு சொட்டு ரத்தம் எடுக்கிறார்களே, அந்த அட்டை ஆக்லாந்து சிட்டி ஆஸ்பத்திரியின் ஆய்வகத்துக்குத்தான் நாடு முழுவதிலிருந்தும் வருகிறது. 2017 டிசம்பரிலிருந்து, எதிர்ப்புச் சக்தி அடியோடு இல்லாத எஸ்.சி.ஐ.டி. என்ற நோயையும் அதில் பார்க்கிறார்கள். அமெரிக்காவில் 240 குழந்தைகளை வைத்து 2014-இல் வந்த ஆய்வில், மூன்றரை மாதத்துக்குள் மாற்று சிகிச்சை பெற்ற குழந்தைகளில் 94 சதவீதம் பேர் ஐந்து வருஷத்துக்குப் பிறகும் உயிரோடு இருந்தார்கள். காத்திருந்து, நிமோனியா வந்து, அப்புறம் செய்தால் இந்த எண் இறங்கிவிடும். இந்தியாவில் இந்தச் சோதனை எல்லாக் குழந்தைக்கும் கிடையாது. பிறந்ததும் காசநோய்த் தடுப்பூசியான பி.சி.ஜி. போட்டுவிடுவார்கள். அது உயிருள்ள கிருமியால் ஆனது, எஸ்.சி.ஐ.டி. குழந்தைக்கு அதுவே வினையாகலாம். "ஊருக்குப் போய்ப் பிரசவம் பார்த்துக்கலாம், அம்மா கைச் சாப்பாடு" என்று போகிறவர்கள், முந்தைய குழந்தையோ நெருங்கின சொந்தத்தில் ஒரு குழந்தையோ காரணம் தெரியாமல் கிருமித் தொற்றில் இறந்திருந்தால், அதை மறைக்காமல் டாக்டரிடம் தடுப்பூசிக்கு முன்னாலேயே சொல்லிவிடுங்கள். நம் வீடுகளில் இந்த மாதிரி இறப்பை "திருஷ்டி" என்று சொல்லி மூடிவைக்கிற பழக்கம் இருக்கிறது.

மாமியார் வாட்ஸப்புக்கு வருவோம். காசு கட்டி நம் குழந்தையின் தொப்புள்கொடி ரத்தத்தை நமக்கென்றே சேமிப்பதை, காப்பீடு மாதிரி எல்லோரும் செய்ய வேண்டாம் என்றுதான் அமெரிக்கக் குழந்தை மருத்துவர் சங்கம் 2017-இல் சொன்னது. காரணம் எளிது. குழந்தைக்கு மரபணுக் குறை இருந்தால் அந்த ரத்தத்திலும் அதே குறை இருக்கும். ரத்தப் புற்றுநோய் வந்தால், அதன் விதை பிறக்கும்போதே அந்த ரத்தத்தில் இருந்திருக்கலாம். ஏற்கெனவே வீட்டில் ஒரு பிள்ளைக்கு மாற்று சிகிச்சை தேவைப்படும் நோய் இருந்தால் கதை வேறு. அப்போது பிறக்கப்போகும் குழந்தையின் தொப்புள்கொடி ரத்தம் அந்த நாலில் ஒன்று வாய்ப்பைத் தரலாம், உங்கள் டாக்டரே அதைப் பேசுவார். 1988-இல் பாரிஸில் நடந்த முதல் தொப்புள்கொடி மாற்று அப்படித்தான், தங்கையிடமிருந்து அண்ணனுக்கு. மற்றபடி அந்தப் பணத்தை வேறு எதற்காவது வைத்துக்கொள்ளலாம். மாமியாரிடம் எப்படிச் சொல்வது என்பது மருத்துவக் கேள்வி இல்லை, அதற்கு நான் பொறுப்பில்லை.

கடைசியாக அந்த ஊசி. பதிவு செய்ய வேண்டியது கன்னத்தின் உள்பக்கம் பஞ்சுக் குச்சியால் ஒரு தேய்ப்பு, இல்லையென்றால் கொஞ்சம் ரத்தம். பதிந்தவர்களில் பெரும்பாலோருக்கு அழைப்பே வராது. வந்தால், பெரும்பாலும் நாலைந்து நாள் தோலுக்கடியில் ஊசி போட்டு ஸ்டெம் செல்களை ரத்தத்துக்குள் வரவழைத்து, ஒரு கையில் எடுத்து, மெஷினில் பிரித்து, மறு கையில் ரத்தத்தைத் திருப்பி விடுவார்கள். நாலைந்து மணி நேரம். அந்த நாட்களில் எலும்பு வலி, தலைவலி இருக்கும், பிறகு போய்விடும். சிலருக்கு மட்டும் மயக்க மருந்து கொடுத்து இடுப்பெலும்பின் பின்பக்கத்திலிருந்து மஜ்ஜையை எடுப்பார்கள். முதுகுத்தண்டை யாரும் தொடுவதில்லை. எடுத்த செல்களை உடம்பு சில வாரங்களில் மறுபடி உண்டாக்கிக்கொள்ளும்.

பெயர் கொடுத்துவிட்டு, மேட்ச் வந்து கூப்பிடும்போது "வேண்டாம்" என்று சொல்கிறவர்கள் நம் பக்கத்தில் நிறைய. பல சமயம் வேண்டாம் என்பது அந்தப் பிள்ளை இல்லை, பெற்றவர்கள். "கல்யாணம் ஆகாத பொண்ணு, நாளைக்கு யாராவது ஏதாவது சொல்வாங்க." "ஒரே பையன், எதுக்கு ரிஸ்க்." இந்தப் பேச்சு நடக்கும்போது மறுபக்கத்து நோயாளிக்குப் பழைய மஜ்ஜையை வெறுமையாக்கும் மருந்து தொடங்கியிருந்தால், டோனர் பின்வாங்குவது அவர் உயிருக்கே ஆபத்து. ஆகவே தயங்குகிறவர்கள் கன்னத்தைத் தேய்க்கும் முன்பே தயங்கிவிடுவது நல்லது. அதில் அவமானம் இல்லை.

பதினெட்டை நெருங்கும் பிள்ளைகள் இருக்கிற வீடுகளில் இதைச் சாப்பாட்டு மேசையில் ஒருமுறை பேசி வையுங்கள். நியூசிலாந்தில் எந்த வயதுவரை சேர்க்கிறார்கள் என்பதை எலும்பு மஜ்ஜைக் கொடையாளர் பதிவேட்டிடமே கேட்டுக்கொள்ளலாம். லண்டனில் இருக்கிற சித்தி பிள்ளைகளுக்கு ஆன்தனி நோலன் பதிவேடு 16 முதல் 30 வரை திறந்திருக்கிறது. சென்னையில் தங்கிப் படிக்கிற பிள்ளைக்குத் தாத்ரி. எங்கே பதிந்தாலும் எல்லாம் ஒரே உலகத் தேடலில் வந்து சேர்ந்துவிடும்.